படுத்தால்தான் பணமா? மருத்துவக் காப்பீட்டு விதிகளை எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளின் விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் நாமக்கல் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போன ஆடி மாதம் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைக் குனிந்து தூக்கினேன். இருபது வருடமாகத் தூக்குகிற சிப்பம்தான். இடுப்பில் சுளீர் என்றது. மறுநாள் வலி இடுப்பை விட்டு இறங்கி, இடது தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால் என்று சுண்டுவிரல் வரை போயிருந்தது. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வேன்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்ததில் எல்5-எஸ்1 டிஸ்க், அதாவது இடுப்பின் அடியில் இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு, பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது. 'டிஸ்க் விலகிடுச்சு' என்று ஊரில் சொல்வோமே, அதுதான். ஆனால் அது எங்கும் விலகிப் போவதில்லையாம். வெளி வளையம் கிழிந்து உள்ளே இருக்கும் கூழ் பிதுங்குகிறது, அதை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும், பெரிதாகப் பிதுங்கியதுதான் பல சமயம் நன்றாகச் சுருங்கும் என்றார் டாக்டர். அவர் ஆபரேஷன் செய்கிறவர். அவரே, "ஆறு வாரம் பார்ப்போம். மாத்திரை, நடை, பிசியோ. படுத்தே கிடக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

கீழே இன்சூரன்ஸ் கவுன்டரில் இருந்த பையன் நல்ல பையன். ரகசியம் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினான். "சார், அட்மிஷன் போட்டு ஆபரேஷன்னா கேஷ்லெஸ் வாங்கிடலாம், நீங்க கையிலிருந்து கட்ட வேண்டாம். பிசியோ மட்டும்னா கிளெய்ம் வராது."

ஆபரேஷனுக்குத் தோராயமாக 1,60,000 ரூபாய் என்றார்கள். அதை நீங்கள் கொடுத்திருப்பீர்கள். பிசியோ ஒரு முறைக்கு 400 ரூபாய், 18 முறை, ஆக 7,200. அதை நான் கொடுத்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், நான் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தால் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் வரை டாக்டர் எழுதிக்கொடுக்கும் பிசியோவுக்கும் என் பாலிசியில் பணம் உண்டு. அதே மேஜை, அதே பிசியோ அம்மா, அதே பயிற்சி. முதுகில் தையல் போட்ட தழும்பு மட்டும்தான் வித்தியாசம்.

அந்த அம்மா முதல் நாள் கரண்ட் வைத்தார். அதனால் பெரிதாக ஒன்றும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அப்புறம் குப்புறப் படுக்கவைத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னார். "வலி கால்ல இருந்து மேலே ஏறி இடுப்புக்கு வந்தா நல்ல அறிகுறி, பயப்படாதீங்க" என்றார். மூன்றாவது வாரம் கெண்டைக்கால் வலி விட்டது. ஐந்தாவது வாரம் தொடை விட்டது. இடுப்பு மட்டும் மிச்சம். அன்றைக்குத்தான் திரும்பக் கல்லாவில் உட்கார்ந்தேன், அதுவும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து.

ஆபரேஷனே கூடாது என்று நான் எழுதவில்லை. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ நாள் கடத்தக் கூடாது. அதிலும் முதல் இரண்டும் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். மற்றவர்களுக்கும் ஆபரேஷன் வலியைச் சீக்கிரம் குறைக்கும். நெதர்லாந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடும் கால்வலியில் இருந்த 283 பேரை இரண்டு பிரிவாக்கி ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். உடனே ஆபரேஷன் என்ற பிரிவுக்கு நிவாரணம் வேகமாகக் கிடைத்தது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் அந்த வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள். மீதிப் பேருக்குத் தேவைப்படவே இல்லை. அவசரமா பொறுமையா என்பதை நோயாளியும் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். எந்தப் பக்கம் பணம் வரும் என்பது அந்தப் பேச்சில் நுழைய வேண்டாம் என்கிறேன்.

உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. நானும் பில் போடுகிறவன்தான். பிசியோ ரசீது அச்சடிப்பது சுலபம், போகாத நாளுக்கும் எழுதி வாங்கலாம். சரி, அட்மிஷன் இல்லாத பிசியோவுக்கும் பணம் கொடுத்துவிட்டு, அதற்குக் கட்டுப்பாடு வையுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டும் சிறப்பு மருத்துவரின் சீட்டும் இருந்தால் மட்டும் என்று சொல்லுங்கள். ஆறு வாரம், இருபது முறை, ஒரு முறைக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு கட்டுங்கள். அட்மிஷன் இல்லாமல் பார்க்கும் புறநோயாளிச் செலவுக்கு, பாலிசியோடு கூடுதலாக ஒரு தனிக் காப்பீடு வாங்கலாமே என்று உங்கள் முகவர் சொன்னார். அதன் பிரீமியத்தைப் பார்த்தேன், நான் கொடுத்த 7,200ஐவிட அதிகம்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையை, அதாவது இதே பிசியோவை, வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். பிரீமியம் கட்டாதவருக்கே அது கிடைக்கிறது. வருடம் தவறாமல் கட்டும் நான் கேட்பது, நானே நடந்து போய்ச் செய்துகொண்டதற்கான ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான்.

அந்த 18 ரசீதும் கல்லாப்பெட்டிக்கு அடியில் ரப்பர் பேண்ட் போட்டு இருக்கின்றன. உங்கள் கிளெய்ம் படிவத்தில் 'அனுமதிக்கப்பட்ட தேதி', 'டிஸ்சார்ஜ் ஆன தேதி' என்று இரண்டு கட்டங்கள். இரண்டிலும் கோடு போட்டு அனுப்பினேன், பூர்த்தி செய்யவில்லை என்று திரும்பி வந்தது. அந்தக் கட்டங்கள் இல்லாத படிவம் ஒன்றை அச்சடித்தால் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சிப்பத்தை இப்போது ஆள் வைத்துத் தூக்கும் ஒரு பாலிசிதாரர்