அந்த ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரி

விமான டிக்கெட் விற்கும் தளங்களையும் செயலிகளையும் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு–சென்னை என்று தேடினால், ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும் என்று கொட்டை எழுத்தில் காட்டுகிறீர்கள். அது பொய்யில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டுத்தான் சென்னைச் சித்தப்பா, "ஒரு மணி நேரம்தானே, காலையில கிளம்பினா முகூர்த்தத்துக்கு வந்துடலாமே" என்கிறார். அந்தக் 'காலை' எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்பது பெங்களூரு நகருக்குள் அல்சூரில் இருக்கும் எங்களுக்குத்தான் தெரியும்.

நீங்கள் காட்டுவது, விமானம் இங்கே நிற்குமிடத்திலிருந்து நகர்ந்து அங்கே போய் நிற்கும் வரையான நேரம். பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 270 கிலோமீட்டர்தான். வானத்தில் இருப்பது பெரும்பாலும் 40 நிமிடத்தை ஒட்டி. மீதியெல்லாம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, தாமதமானால் சமாளிக்க முன்கூட்டியே சேர்த்துக்கொண்ட நிமிடங்கள். டெல்லி இங்கிருந்து 1,700 கிலோமீட்டர், சென்னையைப் போல ஆறு மடங்குக்கும் மேல். நேரமோ மூன்று மடங்கைக்கூடத் தொடுவதில்லை. கிட்டத்து ஊருக்குப் போகும் விமானம் ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிடுகிறது. அதன் வேகத்துக்கு அங்கே வேலையே இல்லை.

சரி, அதற்கு வெளியே இருக்கும் நேரம்? பழைய எச்ஏஎல் விமான நிலையம் எங்களுக்குப் பக்கம். 2008 மே மாதம் எல்லாம் தேவனஹள்ளிக்குப் போய்விட்டது. நெரிசலான ஹெப்பாள் மேம்பாலத்தைத் தாண்டிப் போக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும், மழை வந்தால் கணக்கே கிடையாது. பெட்டி போடும் கவுன்ட்டரைப் பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகின்றன. போதாததற்கு உள்நாட்டு விமானங்கள் இரண்டு டெர்மினல்களில் பிரிந்து கிடக்கின்றன. வயதானவர் தப்பான டெர்மினலில் இறங்கிவிட்டால் போச்சு.

வந்தே பாரத் ரயில், பெங்களூரு சிட்டி ஸ்டேஷனிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ஏறக்குறைய நாலேகாலிலிருந்து நாலரை மணி நேரத்தில் போய்விடுகிறது. அல்சூரிலிருந்து சிட்டி ஸ்டேஷனுக்கு ஊதா மெட்ரோ, வண்டி மாறவே வேண்டாம். வாசலிலிருந்து வாசல் வரை கூட்டிப் பார்த்தால் ரயிலுக்கும் விமானத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கட்டணத்தைப் பற்றி நான் பேசவே இல்லை.

ரயிலுக்கு விளம்பரம் செய்யுங்கள் என்று கேட்கவில்லை. வீட்டிலிருந்து ஆகும் நேரத்தை நீங்கள் கணிக்கவும் வேண்டாம், அது ஹெப்பாளுக்கே தெரியாது. உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைச் சொன்னால் போதும்: எந்த டெர்மினல், கவுன்ட்டர் எத்தனை மணிக்கு மூடும். பணம் கட்டிய பிறகு மின்னஞ்சலின் அடியில் பொடி எழுத்தில் வருவதை, விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே பயண நேரத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். அப்புறம், 'மிக வேகமானது' என்று பச்சை நிறத்தில் ஒட்டுகிறீர்களே, ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு அது எதற்கு?

விமான நிலையம் போகும் வழியிலேயே, யெலஹங்காவில் குடியிருந்து, கைப்பையோடு மட்டும் போகிறவருக்கு விமானம்தான் லாபம். இந்த இரண்டு வரியால் அவருக்கும் நஷ்டமில்லை, உங்களுக்கும் இல்லை.

இப்படிக்கு,
அல்சூர்வாசி ஒருவர்