கயல் சிவில் எடுத்துவிட்டாள்

அன்புள்ள முரளி,

பொங்கலுக்கு வந்த உன் கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மற்றபடி எல்லாரும் சௌக்கியம்.

விஷயம் இதுதான். என் மகள் கயல் இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் சிவில் எடுத்துவிட்டாள். அவள் கட்‌-ஆஃபுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸே கிடைத்திருக்கும். "வெயில்ல நின்னு சிமெண்ட் மூட்டை எண்ணப் போறியா?" என்று மச்சான் கேட்டதிலிருந்து வீடு இழவு விழுந்த மாதிரி இருக்கிறது.

அவளோ எனக்கே பாடம் எடுக்கிறாள். நீராவி இன்ஜின் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இன்ஜினியர் இருந்தானாம். லத்தீனில் இங்கேனியம் என்றால் பிறவிச் சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியத்தில் செய்த கருவிக்கும் அதே பேர் ஒட்டிக்கொள்ள, கோட்டையை உடைக்கக் கல்லெறியும் எந்திரம் கட்டியவன் இன்ஜினியர் ஆனான். அசல் பட்டாளத்தான்! 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய ஜான் ஸ்மீட்டன்தான், பட்டாளத்தோடு ஒட்டாமல் தன்னைச் சிவில் இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டவர். 1771இல் லண்டனில் சிவில் இன்ஜினியர்கள் சங்கமே வைத்துவிட்டார்கள். "மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் எல்லாம் அப்புறம் வந்த பங்காளிங்கப்பா" என்கிறாள்.

நான் விடுவேனா? சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் நிற்கும் வளைவிற்பொறியை எடுத்து விட்டேன். தானே வளைந்து அம்பெய்யும் எந்திரம். பொறியியல் என்கிறோமே, அந்த நம் பொறியும் கோட்டையிலிருந்துதான் வருகிறது. எலிப்பொறியோடு நிறுத்திக்கொண்ட நம்ம தமிழய்யாவை நினைத்துச் சிரித்தேன்.

உங்கள் கம்பம் பக்கம் பிள்ளைக்குப் பேர் வைக்கும் அளவுக்குக் கொண்டாடுகிறீர்களே பென்னிகுயிக், அவரும் ராணுவ இன்ஜினியர்தானே. 1895இல் பெரியாற்றைக் கிழக்கே திருப்பினார். சண்டைக்குப் பழகிய படிப்பு உங்கள் வயலுக்குத் தண்ணீர் விட்டது. கயல் இதைச் சொன்னபோது எனக்கு வாயடைத்துப் போச்சு.

பேரும் பெருமையும் இருக்கட்டும் முரளி. ராத்திரி தூக்கம் வரவில்லை. முதல் சம்பளம் என்ன வரும்? ஊருக்கு வெளியே பாலம் கட்டும் இடத்தில் பெண்பிள்ளை அவசரத்துக்கு ஒதுங்க ஒரு கழிப்பறையாவது இருக்குமா? இதை மச்சானிடம் கேட்க முடியுமா, சொல்.

உன் தங்கச்சி மகள் நெடுஞ்சாலைத் துறையில் ஏ.இ.யாக, அதான் உதவிப் பொறியாளராக, இருக்கிறாளே, அவள் நம்பரை அனுப்பு. கயலோடு ஒரு நாள் பேசட்டும். நல்லதை மட்டும் சொல்லி அனுப்பிவிடாதே என்று அவளிடம் சொல்லி வை.

உன்,
சேது