இரவு வேலையின் சாப்பாட்டு நேரம் குறித்து மலையகத் தேயிலைத் தொழிற்சாலை முகாமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

பகலில் பறித்த கொழுந்து மேல்தட்டில் பரப்பப்பட்டு, வாடி, நள்ளிரவுக்குப் பிறகே அரைக்க இறங்குவதால், எங்கள் பக்கத்தில் ஸ்டோர் வேலை, அதாவது தேயிலைத் தொழிற்சாலை வேலை, என்றாலே இரவு வேலைதான். என் அப்பா 22 ஆண்டுகளாக உருட்டும் இயந்திரத்தடியில் நிற்கிறார். மாலை ஆறு மணிக்கு வெறும் தேத்தண்ணீரோடு இறங்கிப் போகிறவர், இரவு இரண்டு மணி இடைவேளையில்தான் அம்மா கட்டிக்கொடுத்த கோதுமை ரொட்டி நான்கையும் ஆறிய பருப்போடு சாப்பிடுவார். அதன்மேல், வாளியிலேயே சீனி கலந்து வரும் சாயம் (பாலில்லாத தேத்தண்ணீர்) ஒரு கோப்பை. கடந்த ஆண்டு அவருக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) இருப்பது தெரியவந்தது.

இருட்டியதும் மூளையில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன், உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்துவதோடு, இரத்தத்தில் ஏறும் சீனியை இறக்கும் இன்சுலினைக் கணையம் சுரப்பதையும் தணித்துவிடுகிறது. ஆகவே, காலையில் உண்டால் விரைவில் இறங்கிவிடும் சீனி, அதே ரொட்டியை நடு இரவில் உண்ணும்போது கூடுதலாக ஏறி, நெடுநேரம் இரத்தத்திலேயே நிற்கிறது. 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஆரோக்கியமான இளையோர் 19 பேரை இரவு வேலைக்காரரைப் போல விழித்திருக்கச் செய்து பார்த்தார்கள்: இரவிலும் உண்டவர்களின் சராசரி இரத்தக் குளுக்கோஸ் (சீனி) 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் உண்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க ஏற்றமே இல்லை. சிறிய ஆய்வுதான்; ஆனாலும் எங்கள் லயத்து ஆண்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்கிற வாழ்க்கையை அது அப்படியே சோதித்துப் பார்த்திருக்கிறது.

இரவு வேலையை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. கொழுந்து காத்திருக்காது என்பது எனக்கும் தெரியும். மாலை ஏழு மணியளவில் அரை மணி நேரம் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட விடுங்கள். அப்படிச் சாப்பிட்டவருக்கு இரண்டு மணிக்கு அவித்த கடலை ஒரு கைப்பிடி போதும். சாயத்தைச் சீனி கலக்காமல் கொடுத்து, சீனியைத் தனியே வையுங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இராச் சாப்பாட்டை நிறுத்தினால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அவர்களுக்குத் தனியே வைத்த அந்தச் சீனி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆகவேண்டும்.

தோட்ட டிஸ்பென்சரிக்கும் ஒரு சொல். அப்பாவின் மருந்துச் சீட்டில் ‘இரவுச் சாப்பாட்டுக்குப் பின்’ என்றிருக்கிறது. அது எந்தச் சாப்பாடு என்று யாரும் சொல்லவில்லை. வெறும் வயிற்றுச் சோதனைக்கு எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்கவேண்டும். இரண்டு மணிக்கு ரொட்டி சாப்பிட்டவரிடம் காலை ஏழு மணிக்கு இரத்தம் எடுத்தால் அந்த எண்ணை எப்படி நம்புவது? இரவு வேலைக்காரர்களை அவர்களுடைய ஓய்வு நாளுக்கு மறுநாள் காலையில் சோதனைக்கு அழையுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டோர் தொழிலாளி ஒருவரின் மகள்,
நுவரெலியா மாவட்டம்