பெட்டி வாங்கப் போகும் குகனுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் குகனுக்கு,

உன்னுடைய முந்திய கடிதங்கள் லாச்சிக்குள் பதிலின்றிக் கிடக்க, இதற்கு மட்டும் வந்த அன்றே பதில் எழுதுகிறேன் என்றால், விடயம் அவசரமானது என்று விளங்கிக்கொள். இங்கு எல்லாரும் சுகம். ரஞ்சியின் முழங்கால் பழையபடிதான். மாஸ்டர் இன்னும் எவருடைய காசையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இனி உன் பெட்டிக்கு வருகிறேன். பேரப்பிள்ளைகளுக்குக் கிராம்பியன்ஸ் மலையைக் காட்டுவதற்காக, கட்டிலும் அடுப்பும் உள்ள சிறிய கரவன் ஒன்றை வாங்கி பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் உன் டொயோட்டா ராவ் 4 ஹைபிரிட்டின் பின்னால் கொழுவப் போவதாகவும், அந்த வாகனம் 1,500 கிலோ இழுக்கும் என்று விற்பவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். அவர் சொன்ன எண் சரி, வாகனம்தான் வேறு. 2019இல் அவுஸ்திரேலியாவுக்கு வந்த அந்தத் தலைமுறையில், பின்சக்கரங்களுக்கும் மின்மோட்டார் உள்ள ஹைபிரிட்டுக்குத்தான் 1,500 கிலோ. முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் ஹைபிரிட்டுக்கு டொயோட்டா விதித்த வரம்பு 480 கிலோ. "நாலு சக்கரமும் இழுத்து மெல்பேர்னில் நான் என்ன வயலா உழப்போகிறேன்?" என்று நீ அன்று காசு மிச்சம் பிடித்ததை நான் மறக்கவில்லை, ஐயா.

பெட்டி வெறுமையாகவே 620 கிலோ என்கிறாய். பார்க்க வேண்டியது அதைக்கூட அல்ல, ஏற்றிய பின் உள்ள எடையை. தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ; அறுபது லீற்றர் தாங்கி நிரம்பினால் வளர்ந்த ஆள் ஒருவர் ஏறி உட்கார்ந்த கணக்கு. அதற்கு மேல் காஸ் சிலிண்டர், பற்றரி, கூடாரத்துணி, மலர் கட்டாயம் ஏற்றப்போகும் இடியப்பச் சட்டிகள். அங்கே ஒவ்வொரு பெட்டியிலும் தகடு ஒன்று அறைந்திருக்கும். அதில் ஏடிஎம் (ATM) என்ற எழுத்துகளுக்கு நேரே உள்ளதுதான் ஏற்றிய பெட்டிக்கு அனுமதித்த உச்ச எடை.

இன்னொரு எடையைப் பற்றி எவரும் உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். பெட்டியின் மூக்கு வாகனத்தின் கொக்கியை அமுக்குகிற எடை, மொத்த எடையில் ஏறத்தாழப் பத்து வீதம் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள பொது வழக்கு. அதுவும் உன் வாகனம் சுமக்கிற சுமைதான். வாகனத்துக்குள் ஏறும் ஆட்களோடும் சாமான்களோடும் சேர்த்தே எண்ண வேண்டும். அதிகமானால் வாகனத்தின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி குறையும். குறைந்தால் அதைவிட மோசம். கிளிநொச்சியில் உன் சித்தப்பாவின் உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூட்டைகளைப் பின்பக்கமாக அடுக்கி, மூக்கு எழும்பி, நாமெல்லாம் ஓடிப்போய் அதில் தொங்கினோமே, அதே சங்கதிதான். சித்தப்பா ஊர்ந்து போனார். நீ போகப்போவது நூறு கிலோமீற்றர் வேகத்தில். அந்த வேகத்தில் பின்பாரம் கூடிய பெட்டி இடமும் வலமும் ஆடத் தொடங்கினால், ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி வாகனத்தையே சுழற்றிவிடும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் கூடாது, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி அக்சிலரேற்றரிலிருந்து காலை மெதுவாக எடுக்க வேண்டும். உன் பதற்றம் எனக்குத் தெரியும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஏற்றத்தை நினைத்து நீ கவலைப்படுகிறாய். ஏற்றத்தில் பெற்றோல்தான் கரையும். எனக்குப் பயம் இறக்கத்தில். 750 கிலோவுக்கு மேற்படாத பெட்டிக்குத் தனிப் பிரேக் அங்கே கட்டாயமில்லை என்பதால், அந்தப் பாரம் முழுவதையும் உன் வாகனத்தின் பிரேக்கே தாங்கவேண்டி வரலாம். இறக்கத்தில் ஹைபிரிட்டின் மின்மோட்டார் பற்றரிக்கு மின்னேற்றியபடியே வாகனத்தின் வேகத்தைப் பிடித்துக் குறைக்கும்; நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால், அந்தப் பிடியும் தளர்ந்துவிடும். இறம்பொடை இறக்கத்தில் லொறிகளின் பிரேக் கருகும் மணத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு அனுபவித்தவன் நீ. உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

வரம்பை மீறி இழுத்து ஏதாவது நடந்தால் காப்புறுதிக்காரர்கள் கையை விரித்துவிடலாம் என்பதையும் மலரிடம் சொல். என் பேச்சைவிட அது வேலை செய்யும்.

ஆசை விடவில்லை என்றால், ஏற்றிய பிறகும் 480ஐத் தாண்டாத, கூடாரமாக விரியும் சிறிய பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓடிப் பார். அதுவரை முற்பணம் கொடுக்காதே. பெட்டியின் தகட்டையும், உன் வாகனக் கைநூலில் இழுவை பற்றிய பக்கத்தையும் படமெடுத்து இந்தக் கிழமைக்குள் அனுப்பு.

அன்புடன்,
ரவி