பழைய கணினி கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெள்ளம் பாதித்த ஊர்களுக்குப் பழைய கணினிகளைச் சரிசெய்து கொடுக்கலாம் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல யோசனைதான். ஆனால் எப்போது, எப்படிக் கொடுப்பது என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும். நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருப்பவன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் தாமிரபரணி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. முதல் வாரம் அரிசி, பாய், போர்வை என்று லாரிகள் வந்தபடி இருந்தன. அந்த நேரத்தில் கணினியை யார் தேடப்போகிறார்கள்? அதன் தேவை அப்புறம்தான் தெரிந்தது. ரேஷன் கார்டு, மதிப்பெண் சான்றிதழ், பட்டா எல்லாம் ஊறிக் கூழாகிவிட்டன. நகல் கேட்டு மனுப்போடலாம் என்றால், தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரின் கணினியே சேற்றில் கிடந்தது.

உதவி என்று வந்து சேர்ந்தவற்றையும் பார்த்தேன். ஓர் அலுவலகம் அனுப்பிய மானிட்டர்களுக்குப் பவர் கேபிள் இல்லை. இன்னோர் இடத்திலிருந்து வந்த சிபியுக்களில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அலுவலகத் தகவல் வெளியே போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான். அப்படியானால் கழற்றிய இடத்தில் 256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) ஒன்றைப் போட்டுக் கொடுங்களேன். பழைய பெட்டியின் வேகம் கூடுவதே அதில்தான்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. அதனால் நன்றாக ஓடும் கணினிகளைக்கூட அலுவலகங்கள் மூலையில் ஒதுக்குகின்றன. 8 ஜிபி ரேம் இருந்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி, தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையும் அமைத்துவிட்டால் மனு எழுதவும் பிள்ளைகள் படிக்கவும் தாராளமாகப் போதும். ஒன்று மட்டும் பார்க்க வேண்டும்: ஆதார் விரல்ரேகைக் கருவிகளில் பல விண்டோஸையே எதிர்பார்க்கின்றன. இ-சேவை வேலைக்குக் கொடுப்பதாக இருந்தால் முதலில் அங்கே கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

ஓடாததை அனுப்பவே வேண்டாம். மின்கழிவை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் தர வேண்டும். நிவாரண லாரி அதற்கான வண்டி அல்ல. கொடுத்த பிறகு பழுதானால் கூப்பிட உள்ளூர் மெக்கானிக் ஒருவருக்கு ஓராண்டுச் செலவையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. அந்தப் பணத்துக்கு நன்கொடையாளர்கள் யோசிக்கிறார்கள், பெட்டிக்கு யோசிப்பதில்லை.

ஆற்றோர ஊர்களுக்கு டெஸ்க்டாப்பைவிட மடிக்கணினியே மேல். தண்ணீர் ஏறினால் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகலாம், கரண்ட் போனாலும் வேலை நிற்காது. பேட்டரி இரண்டு மணி நேரமாவது தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு, சார்ஜரோடு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை