‘எல்லா உயரத்தினருக்கும் ஏற்றது’ என்று விற்கப்பட்ட அலுவலக நாற்காலி: பணத்தைத் திரும்பக் கோரும் புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், மதுரை (பெயர், முகவரி, ரசீது எண் இணைப்பில்)

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், நாற்காலி விற்பனைப் பிரிவு

பொருள்: விவரப் பக்கத்தில் உள்ள அளவுகளுக்கு மாறான நாற்காலியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்க்கும் எனக்கு நாளின் பெரும்பகுதி கணினி முன்தான் கழிகிறது. அடிமுதுகு வலிக்காக மருத்துவர் அறிவுரைப்படி தங்கள் இணையதளத்தில் ‘எர்கோனாமிக்’ (உடலமைப்புக்கு ஏற்ற) நாற்காலி ஒன்றை வாங்கினேன். என் உயரம் 150 செ.மீ. என்பதால், தங்கள் விவரப் பக்கத்தில் இருக்கையின் குறைந்தபட்ச உயரம் 41 செ.மீ. என்றும், இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தி அதன் ஆழத்தை (முன்விளிம்பிலிருந்து சாய்வு வரையிலான நீளத்தை) கூட்டிக் குறைக்கலாம் என்றும் போட்டிருந்ததைப் பார்த்த பிறகே பணம் செலுத்தினேன்.

வந்து சேர்ந்த நாற்காலியில் லிவரை இழுத்து முழுவதும் இறக்கி, நான் உட்கார்ந்து குஷன் அமுங்கிய நிலையில் அளந்தபோதும் உயரம் 46 செ.மீ. இருக்கிறது. செருப்பு அணிந்த நிலையில் என் முழங்கால் மடிப்பு தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. இருக்கையை நகர்த்தும் வசதி அறவே இல்லை. அடியில் அதற்கான தண்டவாளமோ பிடியோ எதுவும் காணப்படவில்லை. இருக்கையின் ஆழம் 51 செ.மீ.; என் இடுப்பின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை 43 செ.மீ. மட்டுமே.

முதுகு சாய்வில் படும்படி பின்னால் தள்ளி உட்கார்ந்தால் இருக்கையின் முன்விளிம்பு கெண்டைக்காலில் அழுந்திக் கால் மரத்துப்போகிறது. பாதமும் தரையில் படுவதில்லை. பாதம் ஊன்றுவதற்காக முன்னால் நகர்ந்து நுனியில் உட்கார்ந்தால் இடுப்புக்கும் சாய்வுக்கும் நடுவே ஒரு தலையணை வைக்கும் அளவுக்கு இடைவெளி விழுகிறது. தாங்கள் தனியாகப் படம் போட்டு விளம்பரப்படுத்தும் லம்பார் சப்போர்ட் (அடிமுதுகுத் தாங்கி) அங்கே காற்றைத்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. சுவீடன் எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் 1960களில் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல் இருக்கும் டிஸ்க்குகளின் உள்ளழுத்தத்தை அளந்து, சாயாமல் உட்காரும்போது அது நிற்கும்போது இருப்பதைவிடக் கூடுவதாகக் கண்டதைத் தங்கள் பக்கமே எடுத்துச் சொல்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்க முதுகு சாய்வில் பட வேண்டும்; அதற்கு முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் அளவாவது இடம் இருக்க வேண்டும். இந்த நாற்காலியில் எனக்கு அது கிடைக்க வழியே இல்லை.

தங்கள் சேவை மையத்தைத் தொடர்பு கொண்டபோது முதலில் “பழகிவிடும்” என்றார்கள்; பிறகு கால் வைக்கும் பலகை ஒன்றைத் தங்களிடமே தனி விலைக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். குறையுள்ள பொருளை விற்றுவிட்டு, அந்தக் குறைக்கு மருந்தையும் விலைக்கு விற்கும் இந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது? பலகை பாதத்தைத் தாங்கலாம், இருக்கையின் ஆழத்தைக் குறைக்காது. கடைசியாக, நாற்காலி, அலுவலக அறைகலன் உற்பத்தியாளர்களின் அமைப்பான பிஃப்மாவின் எக்ஸ் 5.1 சோதனையில் தேறியது என்று பதில் வந்தது. அந்தச் சோதனை நாற்காலியின் வலிமை, உழைப்பு, பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றியது. உடலளவுக்குப் பொருந்துவது பற்றி அதே அமைப்பு ஜி1 என்ற வழிகாட்டியைத் தனியாகவே வைத்திருக்கிறது. நாற்காலி உடையும் என்று நான் புகார் சொல்லவில்லை. சொன்ன அளவில் இல்லை என்கிறேன்.

ஆகவே நாற்காலியைத் தங்கள் செலவில் எடுத்துச் சென்று முழுத்தொகையையும் திருப்பித் தருமாறும், விவரப் பக்கத்தில் உண்மையான அளவுகளைப் போடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். பிரித்துப் பயன்படுத்திய பொருள் என்ற காரணத்தை ஏற்க இயலாது. பூட்டி உட்காராமல் இந்தக் குறையை யாரும் கண்டறிய முடியாது. 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி இந்தப் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதோடு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ், நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமும் இல்லை.

ரசீது, வாங்கிய அன்றைய விவரப் பக்கத்தின் படம், அளவு நாடாவுடன் எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்