பழைய பட்டறைக் கூடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

நம் சமுதாயக் கல்லூரியின் பழைய பட்டறைக் கூடத்தைப் புதுப்பிக்கும் வேலை முடிந்தது. அங்கே ஒரு பருவம் முழுக்க வகுப்பும் நடந்துவிட்டது. வேலை முடிந்த கையோடு இந்த அறிக்கையைத் தந்திருக்க வேண்டும். வேண்டுமென்றேதான் தள்ளிப் போட்டோம். ஒரு மழையையாவது தாங்கிக் காட்டாத கூரைக்கு 'வேலை நிறைவு' என்று எழுத எங்களில் யாருக்கும் கை வரவில்லை. மழை வந்தது, நன்றாகவே பெய்தது. கூடத்துக்குள் ஒரு சொட்டு விழவில்லை. அதனால் இப்போது எழுதுகிறோம்.

பட்டறைக்குப் போய்த் திருப்பணி என்று பெயர் வைக்கலாமா என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். பலர் கைப்பொருள் போட்டு, பலர் புழங்கும் இடத்தைச் செப்பனிடுவதற்கு வேறு சொல் தேடத் தோன்றவில்லை. அந்தச் சொல்லே நிலைத்துவிட்டது.

உங்களிடம் முதலில் காட்டிய திட்டத்துக்கும் இப்போது நிற்கும் கூடத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போவது சரியாகாது. திட்டத்தில் வாசல் வளைவு இருந்தது, மேடை இருந்தது, முன்சுவர் முழுக்க வண்ணமும் நன்கொடையாளர் பெயர் பொறித்த பெரிய கல்லும் இருந்தன. அவற்றில் வளைவும் மேடையும் வரவில்லை. கல் சிறியதாகிவிட்டது. காரணம் இதுதான். வேலை தொடங்கும் முன் குழுவில் இருவர், ஒரு நாள் மாலை வகுப்பு முடியும்வரை அந்தக் கூடத்தில் சும்மா உட்கார்ந்து பார்த்தார்கள். பகலில் பாதி நேரம் பூட்டிக் கிடக்கும் கூடம் மாலையில்தான் நிறைகிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் வேலை முடித்து வருகிறவர்கள். பள்ளியை இடையில் விட்டவர்கள், பிள்ளைகளை வளர்த்து முடித்துவிட்டுப் படிக்க வந்த அம்மாக்கள், இருக்கிற வேலையிலிருந்து ஒரு படி மேலே போகச் சான்றிதழ் தேடுகிறவர்கள். கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. வாளி நிறையும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி ஆசிரியர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவரை நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார்கள். அவர் தூக்குகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மேலே போனார். அடுத்த கூட்டத்தில் வளைவைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

'ஒரு பழைய கொட்டகைக்கு இவ்வளவா?' என்று கேட்ட உறுப்பினர்களுக்கு ஒரு பழைய செய்தி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901இல் தொடங்கிய கல்லூரியைத்தான் அந்நாட்டுச் சமுதாயக் கல்லூரிகளில் மூத்தது என்கிறார்கள். அதற்கென்று தனிக் கட்டடம் இல்லை. ஓர் உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே 6 மாணவர்களோடு தொடங்கினார்கள். சமுதாயக் கல்லூரி என்ற பெயர் அங்கே பரவலானதே, அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் அந்தப் பெயரைப் பரிந்துரைத்த பிறகுதான். ஆக, இரவல் இடமும் மிச்ச இடமும் நம் குலத்துக்குப் பழக்கம்தான். ஒழுகாமல் இருந்தால் போதும்.

சரி, கூரைக்கு வருவோம். பணத்தில் பெரும்பங்கு அங்கேதான் போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற வேலையில் மிகக் குறைந்ததும் அதுதான்.

கடந்த ஆண்டுகளில் ஒழுகும்போதெல்லாம் மேலே தார் பூசினார்கள், அதன் மேல் கலவை போட்டார்கள், அதன் மேல் இன்னொரு பூச்சு. பொறியாளர் மேலே ஏறியதும் பூச்சைத் தட்டிப் பார்க்கவில்லை. நாலு குடம் தண்ணீரைக் கொட்டச் சொன்னார். தண்ணீர், மழைநீர் இறங்கும் குழாயின் வாயை நோக்கிப் போகாமல் நடுத்தளத்தைத் தேடி வந்தது. ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டதில் ஓரங்கள் உயர்ந்து, நடு பள்ளமாகி, தண்ணீர் வழிந்தோட வைக்கும் சரிவான வாட்டமே தலைகீழாகியிருந்தது. வாட்டம் கெட்ட தளத்தில் எந்தப் பூச்சு பூசினாலும் கொஞ்ச நாள்தான். தேங்கும் தண்ணீர் ஒரு மயிரிழை விரிசல் கிடைக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கும்.

பழைய அடுக்குகளை எல்லாம் கொத்தி எடுத்தோம். எடுத்த இடத்தில் இரண்டு பக்கம் கம்பி துருப்பிடித்திருந்தது. துருவேறிய கம்பி பருக்கும். பருத்தால் தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டையே பிளந்து தள்ளும். கீழே காரை பெயர்ந்து விழுந்துகொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான், நாம் நினைத்தது போல் பூச்சுக்காரர் செய்த கோளாறு இல்லை. அவரைப் பழைய கூட்டங்களில் நாம் பேசிய பேச்சுக்கு வருந்துகிறோம். கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, காப்புப் பூச்சு கொடுத்து, புதுக் கலவையில் மூடினோம். பிறகு 100 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் இறங்கும்படி வாட்டம் வைத்து, சுவரும் தளமும் சேரும் மூலைகளைக் கூர்மையாக விடாமல் வளைத்துப் பூசி, அதற்கு மேல்தான் நீர்த்தடுப்புப் பூச்சு.

சோதனை எளியது. குழாய் வாய்களை அடைத்துவிட்டு, தளத்தில் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் விட வேண்டும். முதல் முறை கட்டியபோது இரண்டாம் நாள் காலையில் உள்கூரையில் குழாயை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரத் தடம். ஒப்பந்தக்காரர், 'இது வெயிலில் காய்ந்துவிடும், வண்ணத்தை ஆரம்பித்துவிடலாம்' என்றார். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. குழாயைச் சுற்றி மறுபடி கொத்தி அடைத்து, மறுபடி 48 மணி நேரம். திறப்பு தள்ளிப்போனதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம், சக்கர நாற்காலி ஏறுவதற்காகப் படிக்குப் பதில் கட்டிய சாய்தளம். அதில் தவறு எங்களுடையது.

சாய்தளத்துக்கு எல்லாரும் ஏற்றுக்கொண்ட கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. 1 சென்டிமீட்டர் ஏற 12 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். வரைபடம் போட்டபோது கூடத்தின் தரை வெளித்தரையை விட 50 சென்டிமீட்டர் உயரம். ஆகவே 6 மீட்டர் நீளத்துக்குச் சாய்தளம் வரைந்து, அப்படியே கட்டியும் முடித்தார்கள். இடையில் பட்டறைத் தரையைப் புதிதாகப் போடலாம் என்று குழு முடிவெடுத்தது. புது கான்கிரீட்டும் மேல் கல்லும் சேர்ந்து தரை 10 சென்டிமீட்டர் உயர்ந்தது. தரை உயர்ந்தால் சாய்தளம் நீள வேண்டும் என்று பொறியாளருக்கும் தோன்றவில்லை, கையெழுத்துப் போட்ட எங்களுக்கும் தோன்றவில்லை. மேல்முனையைப் புதுத் தரையோடு சேர்த்துப் பூசிவிட்டார்கள்.

கண்டுபிடித்தவர்கள் மாணவர்கள். கட்டட மேற்பார்வைச் சான்றிதழ் வகுப்புக்கு அளவெடுக்கும் பயிற்சிக்கு எங்கே போவது என்று தேடிய ஆசிரியர், 'பக்கத்திலேயே வேலை நடக்கிறதே, அதையே அளந்து வாருங்கள்' என்று அனுப்பியிருக்கிறார். அவர்கள் டேப்பும் மட்டக்குழாயும் எடுத்துக்கொண்டு போய் அளந்து, உயரம் 60, நீளம் 600, ஒன்றுக்குப் பத்து என்று நோட்டில் எழுதி வந்தார்கள். ஆசிரியர் அவர்கள்தான் தப்பாக அளந்திருப்பார்கள் என்று திருப்பி அனுப்பினார். இரண்டாவது முறையும் அதே கணக்கு. மூன்றாவது முறை ஆசிரியரும் போனார்.

ஒன்றுக்குப் பத்து என்பது காகிதத்தில் சின்ன வித்தியாசம். சக்கர நாற்காலியைத் தானே தள்ளி ஏறுகிறவருக்குத் தோளில் தெரியும், மழைநாளில் இறங்குகிறவருக்கு வயிற்றில் தெரியும். 60 சென்டிமீட்டருக்கு 7.2 மீட்டர் வேண்டும். நேராக நீட்ட இடமில்லை, வழியில் மரம். மரத்தை வெட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதை அறிக்கையில் எழுதவே கூச்சமாக இருக்கிறது. கடைசியில் மரத்துக்கு முன்பே 1.5 மீட்டருக்கு ஒரு சமதளம் விட்டு, பாதையைத் திருப்பிவிட்டோம். நாற்காலி முழுதாகத் திரும்ப அந்த இடம் தேவை. இந்தத் திருப்பத்தை வரைந்ததும் அதே வகுப்புதான். இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாயை வெல்டிங் வகுப்பு மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் பற்றவைத்தார்கள். இடித்துக் கட்டிய செலவு கணக்கில் தனி வரியாக இருக்கிறது. அதைக் 'கூடுதல் வேலை' என்று பொதுவாக எழுதி மறைக்கவில்லை.

மின்வேலையில் இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டாலே இணைப்பைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்ச் எல்லா வரிசைக்கும் போட்டாகிவிட்டது. இரண்டு, உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத் இயந்திரங்களுக்கு மேலிருந்த பழைய ட்யூப்லைட்டுகளை மாற்றினோம். அந்த வகை விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிபவை. அந்தத் துடிப்பும் இயந்திரம் சுழலும் வேகமும் பொருந்திவிட்டால், ஓடுகிற லேத் நின்றுவிட்டது போலத் தெரியும். பட்டறையில் அதைவிட ஆபத்தான பொய் வேறில்லை.

கூடத்தில் எதிரொலி இருந்தது. பின்சுவர் முழுக்க மெத்தென்ற அறிவிப்புப் பலகை அடித்தபின் அடங்கிவிட்டது. பெண்கள் கழிப்பறைக்கு உறுதியான தாழ்ப்பாளும் போகிற வழியில் விளக்கும் போட்டோம். திட்டத்திலேயே இல்லாத இந்த வேலைக்குத்தான் நன்றி அதிகம் வந்தது. திட்டம் போட்ட கூட்டத்தில் மாலை வகுப்புப் பெண்கள் ஒருவரும் இல்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறோம்.

கூடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். மாலை வகுப்புகள் அங்கேயே நடக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை பழுதுபார்க்கும் நாள். அக்கம்பக்கத்தார் மின்விசிறி, மிக்சி, தையல் இயந்திரம் என்று கொண்டுவருகிறார்கள், மாணவர்கள் ஆசிரியர் முன்னிலையில் பிரித்துப் பார்க்கிறார்கள். எல்லாம் சரியாவதில்லை. சரியாகாததற்கும் காரணம் எழுதித் துண்டுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்பது விதி, அந்தச் சீட்டு எழுதுவதில்தான் பிள்ளைகள் அதிகம் திணறுகிறார்கள். பல ஆண்டு வேலை பார்த்தும் கையில் சான்று இல்லாதவர்களின் திறமையைச் சோதித்து, தெரிந்த பாடங்களைத் திரும்பப் படிக்காமல் மிச்சத்தை மட்டும் படிக்க வைக்கும் முயற்சிக்கும் இந்தக் கூடம்தான் தேர்வு இடம். நம் தளத்தில் கலவை போட்ட தொழிலாளி ஒருவர் அப்படிச் சேர்ந்திருக்கிறார். வாட்டம் வைப்பது பற்றிய பாடத்தில் அவருக்குச் சோதனை வைக்க ஆசிரியர் மேலே கையைக் காட்டினாராம்.

தோற்றதும் உண்டு. வேலைவாய்ப்புப் பேச்சு ஒன்றை வெகு சிறப்பாக ஏற்பாடு செய்து பகல் 11 மணிக்கு வைத்தோம். வேலை தேடுகிறவர்கள் வருவார்கள் என்று எண்ணம். நம் மாணவர்கள் அந்த நேரத்தில் வேலையில் இருந்தார்கள். பேச்சாளரும் குழுவும்தான் இருந்தோம். அடுத்ததை மாலையில் வைத்திருக்கிறோம், நாற்காலி போதாது என்கிறார்கள், பார்ப்போம்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் கையெழுத்தோடு தனியாக இணைத்திருக்கிறோம். ரசீதுகளை யார் வேண்டுமானாலும் அலுவலகத்தில் வந்து பார்க்கலாம். ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியை இன்னும் பிடித்தே வைத்திருக்கிறோம், அடுத்த மழைக்காலம் முடிந்துதான் தருவோம். வெளிச்சுவர் வண்ணம் பாக்கி. வெல்டிங் பகுதியில் புகை இழுக்கும் விசிறி போடும் சத்தத்தில் பாடம் கேட்கவில்லை என்கிறார்கள், அதற்கும் வழி பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை உங்களிடம். மொட்டைமாடியில் நான்கு குழாய் வாய்கள் இருக்கின்றன. மரத்தை விட்டுவைத்ததால் இலை விழுகிறது. இலை அடைத்தால் நாம் வைத்த வாட்டத்துக்கு அர்த்தமில்லை. மாதம் ஒருமுறை ஏறி அள்ள ஆள் வேண்டும். பெயர் கொடுக்கிறவர்களுக்கு மாடிக் கதவின் சாவி அலுவலகத்தில் கிடைக்கும். முதல் இரண்டு மாதத்துக்குக் குழு உறுப்பினர்கள் பெயர் போட்டுவிட்டோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு